வெண்மணியும் இரண்டு நாவல்களும்

கீழ்வேளூரிலிருந்து வெண்மணி தொலைவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள்; பெரும்பாலும் பெண்டு பிள்ளைகள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதிலும், சங்கம் சேர்ந்ததிலும் முற்றிய விரோதம்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லைச் சமீபத்தில் மறுபடி படித்தேன். 1977-இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நாவல். அதில் மிராசுதார் கண்ணையா நாயுடுவின் குரூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறைவு ஒரு காரணமாக வருகிறது. மனோதத்துவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் எனக்கு உறுத்தல். தேகம் சரியாக இருந்திருந்தால் மனுஷர் நெல்லைக் கூட அளந்திருப்பாரா? பிள்ளை குட்டியும் பேரன் பேத்தியுமாக வாழ்ந்த மிராசுதார்களை இந்தப் பக்கத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். களத்தில் மரக்காலைத் தலை தட்டுவதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்களல்ல.

குற்றம் சொல்ல எனக்கும் யோக்யதை குறைவுதான். நான் எழுதியிருந்தால் நானும் அவருக்கு ஓர் அந்தரங்க நோயைத் தேடியிருப்பேன். அத்தியாயங்கள் சுலபமாக ஓடும்.

சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999) அந்தச் சுலபத்தை நாடவில்லை. பார்த்தசாரதியின் லாகவம் அவரிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேற்றில் இறங்குகிறவர்கள் தங்கள் பேச்சிலேயே பேசுகிறார்கள். குருதிப்புனலை மூடியபின் எனக்கு நாயுடுவின் முகம்தான் நினைவிலிருந்தது. இதை மூடியபின் சேரிக்காரர்களின் குரல்கள் இரண்டு நாள் காதிலே இருந்தன.