சீட்டுக்குள் ஒரு பஞ்சர்

உடையார்பாளையத்தில் பொத்தானை அழுத்தினால் முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்லப் புடைத்து வந்து இடுப்பைத் தாங்கும். ஜெயங்கொண்டம் போய்ச் சேர்வதற்குள் அது இருந்த இடமே தெரியாது. என் தங்கை வீட்டுக்காரர் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரின் கதை இது. இன்ஜினில் குறையில்லை, ஏ.சி. குளிர்கிறது, பெயின்ட் பளபளக்கிறது. டிரைவர் சீட்டின் பவர் லம்பார் மட்டும் படுத்துவிட்டது. பொங்கலுக்கு வந்தவர், "மச்சான், நீங்கதான் எப்பவும் ஸ்க்ரூடிரைவரும் கையுமா இருப்பீங்களே, ஒரு பார்வை பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு மாட்டுப் பொங்கலுக்கு மாமனார் வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டார்.

சர்வீஸ் சென்டரில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் காற்றுப்பை தனியாகக் கிடைக்காதாம், மொத்த அமைப்பையும் மாற்ற வேண்டுமாம். சொன்ன தொகையில் நல்ல ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

இந்த முட்டு எதற்கு என்றால்: நிற்கும்போது முதுகெலும்பின் இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து கண்ணிகளும் முன்பக்கமாக வளைந்திருக்கும். உட்கார்ந்தவுடன் இடுப்புக்கூடு பின்னால் சரிந்து அந்த வளைவு நிமிர்ந்துவிடுகிறது; கண்ணிகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளில் அழுத்தம் ஏறுகிறது. ஸ்வீடனில் நாக்கெம்சன், ஆண்டர்சன் என்ற இரண்டு எலும்பு மருத்துவர்கள் 1970-களில் வட்டுக்குள் ஊசி செலுத்தியே இந்த அழுத்தத்தை அளந்தார்கள். சாய்மானத்தைப் பின்னால் சரித்து, இடுப்புக்கு ஒரு முட்டுக் கொடுத்தால் அது குறைகிறது என்று கண்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் நம்மூர் டிரைவர்கள் துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் செருகிக்கொள்வதும் இதே வைத்தியம்தான். எதிர்வீட்டுப் பெரியவரோ நாற்பது வருஷமாகக் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். சாய்மானமே இல்லாத வேலை. "வண்டிக்கு இடுப்பு வலியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பவர் லம்பாரில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் சின்ன மோட்டார் ஒரு கம்பியை இழுக்க, பிளாஸ்டிக் கூடை வளைந்து முன்னால் தள்ளும். இன்னொன்றில் குட்டி பம்பு பைகளில் காற்றடைக்கும். எது நம்முடையது என்று காது சொல்லிவிடும். பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லையென்றால் பியூஸ், ஸ்விட்ச், சீட்டுக்கடியில் தண்டவாளத்தோடு உரசி நைந்த வயர், இந்த வரிசையில் தேடலாம். கரகரவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் வந்தால் கம்பி வகை. கம்பியோ பல்சக்கரமோ போயிருக்கும். எங்களுடையதில் ர்ர்ர் என்று இழுத்த மூச்சாகச் சத்தம் வந்தது, முதுகும் புடைத்தது, பிறகு இறங்கியது. மின்சாரத்தில் குற்றமில்லை. எங்கோ காற்று போகிறது. அதாவது பஞ்சர்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த சீட்டின் தோள்பக்கத்தில் ஏர்பேக் இருக்கிறது. அதன் கனெக்டர் மஞ்சள் நிறம். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷமாவது சும்மா இருக்க வேண்டும். நான் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். சீட் வெளியே இருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும், பிறகு அதை அணைக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டும். இன்னொன்று, நான் அடிபட்டுக் கற்றது: சீட் மின்சாரத்தில் நகர்வது. பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் முன்பக்க போல்ட்டுகள் சீட்டுக்கடியில் ஒளிந்திருப்பது தெரிந்தது. மறுபடி பேட்டரியை மாட்டி, சீட்டைப் பின்னால் தள்ளி, மறுபடி கழற்றி, மறுபடி பத்து நிமிஷம். இரண்டாவது காபி.

நட்சத்திரத் தலை போல்ட்டுகள் நான்கு. சீட்டை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மோட்டார்களோடு சேர்த்து நெல் மூட்டைக்குக் கொஞ்சம்தான் இளைப்பு. கோரைப்பாய் விரித்துக் கிடத்தினோம். குஷன் கடை அண்ணன் தோலைப் பிரிக்க வேண்டியிருக்குமோ என்று ஊசியோடு வந்திருந்தார். தேவைப்படவில்லை. முதுகுப் பலகை கிளிப்பில்தான் நிற்கிறது. கீழிருந்து விரல் கொடுத்து இழுத்தால் பட் பட்டென்று விட்டுக்கொடுக்கிறது. உள்ளே கம்பி வலை, அதன்மேல் மேலும் கீழுமாக இரண்டு பைகள், தீப்பெட்டி இரண்டை ஒட்டியது போன்ற பம்பு, அதிலிருந்து மெல்லிய குழாய்கள். இத்தனை விலை சொன்ன வஸ்து இவ்வளவுதானா என்று இருந்தது.

சைக்கிள் கடைக்காரரை அழைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பம்பையும் வால்வையும் தண்ணீரில் காட்டக் கூடாது, அவை மின்சாரப் பாகங்கள். ஆகவே பைகளை மட்டும் பிரித்தெடுத்தோம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 50 மில்லி ஊசியில்லாச் சிரிஞ்சால் காற்றேற்றி, குழாயை மடக்கிப் பிடித்து, பித்தளை அண்டாவில் முக்கினார். மேல்பை சத்தமில்லாமல் கிடந்தது. கீழ்ப்பையின் ஓரத்தில், இரண்டு தாளும் உருகி ஒட்டிய தையலில், கடுகு கடுகாகக் குமிழி. ஒன்று மேலேறி உடையும்வரை அடுத்தது வராது. அவ்வளவு மெல்லிய ஓட்டை. "இதப் பாத்தீங்களா தம்பி, நேத்து வந்த ஓட்டை இல்ல இது, மடிஞ்சு மடிஞ்சு தேஞ்சிருக்கு" என்றார். குழாய் முனைகளுக்கு சோப்புநீர் தடவிப் பார்த்ததில் இன்னொன்றும் அகப்பட்டது: வால்வில் செருகியிருந்த குழாய் வெயிலில் காய்ந்து இறுகி, முனையில் கீறியிருந்தது.

குழாய்க்கு வைத்தியம் சுலபம். மீன் தொட்டிக்கு விற்கிற சிலிகான் குழாயில் ஒரு சாண் போதும். அளவு பொருந்துகிறதா என்று பழைய துண்டோடு கடைக்குப் போங்கள். செருகி, மேலே குட்டி டை போட்டு இறுக்கினோம்.

பைதான் பாடம் நடத்தியது. கடைக்காரர் வழக்கம்போல் உரசி, சொல்யூஷன் தடவி, டியூப் ஒட்டுப் போட்டார். மறுநாள் காலை அது நன்றாகப் பழகிய கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல் எழும்பி வந்தது. சைக்கிள் டியூப் ரப்பர். இந்தப் பை பாலியூரிதேன். அந்தச் சொல்யூஷனுக்கும் இந்தத் தாளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாலியூரிதேனுக்கான டி.பி.யூ. ஒட்டுத்தாள் ஆன்லைனில் வரவழைத்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தையல் ஓரத்தை இரு பக்கமும் மூடும்படி மடித்து ஒட்டி, மேலே ஆட்டுக்கல் குழவியைப் பாரமாக வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டோம்.

செலவு: குழாய் 60 ரூபாய், சிரிஞ்ச் 30, ஒட்டுத்தாள் 350, இரண்டு பேருக்குமாகக் கூலி 800. குஷன் கடை அண்ணன் வேறொரு யோசனையும் சொன்னார்: ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிபோலக் கையால் அமுக்கிக் காற்றேற்றும் பை, எந்த சீட்டுக்கும் பொருந்துவது. அம்பாசடர் வைத்திருப்பவருக்கு அது அருமையான பொருள். ஆனால் வேலை செய்கிற பம்பையும் ஸ்விட்சையும் உள்ளே வைத்துக்கொண்டு பக்கத்தில் ரப்பர் உருண்டை தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. சீட்டில் எதைப் போர்த்தினாலும் ஏர்பேக் வெளிவரும் தோள்பக்கத் தையலை மட்டும் மறைக்காதீர்கள்.

மாட்டிய பிறகு சோதனை. திருச்சி வரை போய் வந்தேன். இறங்கி ஏறியபோதும் இடுப்பில் அந்தப் புடைப்பு அப்படியே இருந்தது. ஒரு வாரம் கார் சும்மா நின்றதில் கொஞ்சம் இளகியிருந்தது. பொத்தானை இரண்டு விநாடி அழுத்தினால் சரியாகிவிடுகிறது. அதற்கு மேல் கேட்பது பேராசை. தரையைத் தொட்டுக்கொண்டு போகும் இந்த வண்டி கல் லாரிகள் பெயர்த்த ரோட்டில் தரும் குலுக்கலுக்கு எந்தப் பையும் மருந்தாகாது, அது வேறு விஷயம்.

கம்பி வகைக்கு இந்த வைத்தியம் பலிக்காது. பம்பே எரிந்துபோயிருந்தாலும் பாகம் வாங்கித்தான் ஆக வேண்டும். காற்று மட்டும் இறங்குகிறதென்றால், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரு அண்டா தண்ணீர் வையுங்கள்.

என் பங்குக்கு ஒரு சேதாரம் உண்டு. முதுகுப் பலகையை இழுத்ததில் ஒரு கிளிப் உடைந்தது. வேகத்தடை ஏறும்போதெல்லாம் கடகடக்கிறது. தங்கை வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. கிளிப்புக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.