பத்து வினாடி இருட்டு

தொலைக்காட்சித் தொடரொன்றின் இறுதி அத்தியாயத்தைப் பார்வையாளர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை அளக்கும் கருவிகள் யாவும் ஒளிபரப்பான இரவையும் அதையடுத்த சில நாட்களையும் மட்டுமே அளக்கின்றன. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சினந்தார்கள், எத்தனை பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள் என்பவற்றுக்கு அப்பால் அவற்றால் எதையும் சொல்ல இயலாது. விளையாட்டில் இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஏனெனில் அங்கே முடிவை விதியே வழங்கிவிடுகிறது. கடைசிப் பந்து வீசப்பட்ட பின் தோற்ற அணியின் ஆதரவாளர் நடுவரைக் குறைகூறலாம், அணித்தலைவரின் வியூகத்தைக் குறைகூறலாம், ஆயினும் ஆட்டம் முடிந்துவிட்டது என்பதை மறுக்க மாட்டார். தொடருக்கோ அத்தகைய விதி கிடையாது. ஆண்டுக்கணக்கில் நீண்ட கதையை எங்கே, எவ்வாறு நிறுத்துவது என்பதை அதை ஆக்கியவர் தீர்மானிக்கிறார், அந்த நிறுத்தத்தை முடிவென்று ஏற்பதா என்பதைப் பார்வையாளர் தீர்மானிக்கிறார். ஆகவே இறுதி அத்தியாயத்தை அலசுபவர் எழுந்த சினத்தின் அளவைக் கணக்கிடுவதோடு நின்றுவிட முடியாது. அது எதன்மீது எழுந்தது என்பதையும் பிரித்தறிந்தாக வேண்டும்.

இந்தப் பகுப்புக்குத் தமிழ்ச் செய்யுள் மரபிலேயே பொருத்தமான சொல் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாக எச்சத்தை எண்ணுகிறது. புலவர் கூறாது விட்டதைக் கேட்போர் சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு செய்துகொள்ளும் இடமே எச்சம். குறை என்பது இதனின்று வேறானது: கூறியே ஆக வேண்டியதைக் கூறாமல் கடந்துசென்றதால் விழுந்த பள்ளம் அது. முதல்முறை பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெற்றிடமாகத் தோன்றுவதால், இரண்டின்மீதும் ஒரே வகையான சினமே எழுகிறது. அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனம் 2007இலும் 2019இலும் நிறைவு செய்த இரு தொடர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு துலங்கும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் முடிவு என்பதே பிற்காலத்து வரவு. ஒரு தொடரை ஒளிபரப்பி முடித்த பின் அதை உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்பதே தயாரிப்பாளர்களின் பெருவருவாயாக இருந்தது. எந்த வரிசையில் போட்டாலும் பொருந்தும் கதைக்கே அந்தச் சந்தையில் மதிப்பு இருந்தமையால், பெரும்பாலான தொடர்கள் முடிக்கப்படாமல் வெறுமனே நிறுத்தப்பட்டன. செய்யாத கொலைக்காகத் துரத்தப்படும் மருத்துவரின் கதையான ‘தி ஃப்யூஜிடிவ்’ 1967 ஆகஸ்ட் 29 அன்று நிறைவுற்றபோது, அந்நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் 72 சதவீதம் அதையே காட்டின. 1983 பிப்ரவரி 28 அன்று கொரியப் போர்க்கள மருத்துவமனையைப் பற்றிய ‘மேஷ்’ விடைபெற்றபோது அந்தப் பங்கு 77 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவர் குற்றமற்றவர் என்று நிறுவப்பட்டார். போர் ஓய்ந்து படைமுகாமினர் வீடு திரும்பினர். இறுதி அத்தியாயம் என்பது கணக்குத் தீர்க்கும் நாள் என்ற எதிர்பார்ப்பு இத்தகைய இரவுகளில்தான் வேரூன்றியது.

1999 ஜனவரி 10 அன்று தொடங்கி 86 அத்தியாயங்கள் ஓடிய ‘தி சொப்ரானோஸ்’ இந்த எதிர்பார்ப்பை நன்கறிந்த ஒருவரின் படைப்பு. நியூ ஜெர்சியின் குற்றக் குழுவொன்றின் தலைவனான டோனி சொப்ரானோ, திடீர்ப் பதற்றத்தால் மயங்கி விழத் தொடங்கியதும் மனநல மருத்துவரை நாடுகிறான் என்பதே அதன் கரு. மாஃபியாக் கதைகளில் நாயகனுக்குச் சிறை அல்லது தோட்டா என்ற இரண்டு வாசல்களே வழக்கமாகத் திறந்திருக்கும் என்பதால், டோனி எதன் வழியே வெளியேறுவான் என்பதே பார்வையாளர்களின் பல்லாண்டுக் கேள்வியாக இருந்தது. ஈற்றயல் அத்தியாயத்தில் அவனுடைய அக்காவின் கணவன் பாபி பொம்மை ரயில் விற்கும் கடையில் சுட்டுக் கொல்லப்படுகிறான், நெருங்கிய துணைவன் சில்வியோ நினைவிழந்து கிடக்கிறான், மருத்துவர் மெல்ஃபி சிகிச்சையை முறித்துக்கொள்கிறார். கடைசி அத்தியாயத்தில் எதிரணித் தலைவன் பில் லியோடார்டோ பெட்ரோல் நிலையமொன்றில் வீழ்த்தப்படுகிறான். ஆபத்து ஒரு பக்கம் விலகியது போலத் தெரிந்தாலும், குழுவைச் சேர்ந்த ஒருவன் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியதால் வழக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது.

2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தை எழுதி இயக்கியவர் தொடரின் படைப்பாளரான டேவிட் சேஸ். முதல் அத்தியாயத்துக்குப் பின் அவர் இயக்கிய ஒரே அத்தியாயம் இதுவே. இறுதிக் காட்சி ப்ளூம்ஃபீல்டில் உள்ள ஹோல்ஸ்டன்ஸ் என்னும் ஐஸ்கிரீம், சிற்றுண்டிக் கடையில் நிகழ்கிறது. டோனி உள்ளே வந்து நின்று பார்க்கிறான். அடுத்த சட்டகத்தில் அவனே மேசையில் அமர்ந்திருக்கிறான். தன்னையே தான் காண்பது போன்ற இந்த வெட்டுக்கு ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ திரைப்படத்தில் விண்வெளி வீரர் தம் முதுமையைத் தாமே காணும் பகுதி தூண்டுதலாக இருந்ததென்று சேஸ் பின்னாளில் விளக்கியிருக்கிறார். மேசையிலுள்ள பாட்டுப்பெட்டியில் ஜர்னி இசைக்குழு 1981இல் வெளியிட்ட ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’ பாடலை அவன் தேர்ந்தெடுக்கிறான்.

இதன் பின் நிகழ்வது படத்தொகுப்பின் வழியே பார்வையாளருக்கு அளிக்கப்படும் ஒரு பயிற்சி என்றே கொள்ளத் தக்கது. கதவின் மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறான், அடுத்த சட்டகம் அவன் இருக்குமிடத்திலிருந்து அவன் காண்பதைக் காட்டுகிறது. கதைமாந்தரின் கண்ணே ஒளிப்படக் கருவியின் கண்ணாகும் இவ்வகைச் சட்டகத்தைப் பார்வைக்கோணக் காட்சி என்பர். மீண்டும் மணி, மீண்டும் நிமிர்வு, மீண்டும் கதவு. மனைவி கார்மெலா வருகிறாள். மகன் ஏ.ஜே.வுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் நுழைந்து, கடையின் நீள்மேடையருகே அமர்ந்து, இந்தப் பக்கம் ஒரு பார்வை வீசிவிட்டுச் சற்று நேரத்தில் கழிவறைக்குள் செல்கிறான். வெளியே மகள் மெடோ காரை ஓரமாக நிறுத்த முயன்று முயன்று தவறுகிறாள். வெங்காய வளையங்கள் மேசைக்கு வருகின்றன. மெடோ கடையை நோக்கி ஓடிவருகிறாள், மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறான். பழக்கப்பட்ட வரிசைப்படி அடுத்து வர வேண்டியது அவன் காணும் காட்சி, வருவதோ கறுப்பு. பாடலும் பாதியில் அறுபட, ஏறத்தாழப் பத்து வினாடி ஒலியற்ற இருட்டுக்குப் பின் கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் இசையின்றி ஓடுகிறது. அந்தப் பட்டியலும் இல்லாமல் இருட்டையே இறுதிவரை நீட்டிக்க விரும்பியவர் சேஸ். இயக்குநர் சங்கத்தின் விதி அதற்கு இடம் தரவில்லை.

அன்றிரவு அமெரிக்காவில் 1.19 கோடிப் பேர் இதைப் பார்த்தனர். அவர்களுள் மிகப் பலர் கேபிள் இணைப்பு அறுந்துவிட்டதென்றே முதலில் நம்பினர். முக்கியமான கட்டத்தில் ஒளிபரப்பு போய்விட்டதே என்று பதறித் தொலைக்காட்சிப் பெட்டியையும் இணைப்புக் கம்பிகளையும் சோதித்தனர். பெயர்ப்பட்டியலைக் கண்டதும் அந்தப் பதற்றம் சினமாக மாறியது. சினந்தவர்களின் நெரிசலில் எச்பிஓவின் இணையதளமே முடங்கியது. கேபிள் அறுந்ததாக எண்ணிய செய்தியை ஊடகங்கள் வேடிக்கைத் துணுக்காகவே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தன. அது அந்தக் காட்சியின் வெற்றிக்கு மிக வலுவான சான்று என்பதே இந்த அலசலின் துணிபு. அதே தொடரில், சில அத்தியாயங்களுக்கு முன், ஏரியில் படகில் அமர்ந்து பாபி டோனியிடம் பேசும்போது, சாவு வரும் கணத்தில் அதன் ஓசைகூடக் காதில் விழாது போலும் என்ற பொருள்படச் சொல்கிறான். பாபி இறந்த அத்தியாயத்தின் முடிவில் அந்தப் பேச்சு டோனியின் நினைவில் திரும்ப எழுகிறது. ஓசையின்றி வருவதை ஓசையின்றியே வரச் செய்த இயக்குநர், என்ன நேர்ந்ததென்று அறியாமல் சில வினாடி தவிக்கும் நிலையைப் பார்வையாளரின் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கினார்.

சினந்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. எட்டாண்டுக் காலம் ஒரு கொலைகாரனின் வீட்டுக்குள் வாழ்ந்து, அவனுடைய கொடுமையைக் கண்டு அருவருத்தும் அவன் அச்சத்தில் பங்குகொண்டும் வந்தவர்களுக்கு ஒரு தீர்ப்பைக் கேட்கும் உரிமை இருந்தது. சேஸ் அப்போது பிரான்சில் இருந்தார். டோனி குளியலங்கியோடு வாசலுக்கு வந்து குனிந்தெடுக்கும் ‘ஸ்டார்-லெட்ஜர்’ நாளிதழுக்கே பேட்டியளித்து, காட்சிக்கு விளக்கம் சொல்லும் விருப்பம் தமக்கில்லை, வேண்டியவை யாவும் அதனுள்ளேயே உள்ளன என்ற கருத்தைத் தெரிவித்தார். பிற்காலத்தில் அவர் மௌனம் தளர்ந்தது. 2015இல் இயக்குநர் சங்கத்தின் இதழில் சட்டகம் சட்டகமாக விளக்கினார், 2021இல் டோனியின் சாவை மனத்தில் வைத்தே கடையைத் தேர்ந்ததாக ஒப்புக்கொண்டார். இந்த வாக்குமூலங்களுக்குத் தேவையே இருக்கவில்லை. பார்வைக்கோணத்தின் வரிசையே சாவைச் சுட்டும் வலுவான சான்றாக நிற்கும்போது, ஆக்கியவர் கையொப்பமிட்டுத் தரும் விளக்கம் எச்சத்தின் ஒரு பகுதியை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு மணியோசைக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டிய வாழ்வு எத்தகைய வாழ்வு என்பதே அந்தக் காட்சி எழுப்பும் பெரிய கேள்வி. அவன் இறந்தானா என்பது அதைவிடச் சிறியது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2019 மே 19 அன்று, கற்பனை நாடொன்றின் அரியணைக்கான போரைச் சொல்லும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தன் 73ஆவது அத்தியாயத்தோடு நிறைவுற்றபோது முதல் ஒளிபரப்பை 1.36 கோடிப் பேரும், மறு ஒளிபரப்பையும் இணையவழியையும் சேர்த்து அன்றிரவே 1.93 கோடிப் பேரும் பார்த்தனர். கடைசிப் பருவத்தை முற்றிலும் புதிதாக எடுக்க வேண்டுமென்ற மனுவில் 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இங்கே எதுவும் இருட்டில் விடப்படவில்லை என்பது கவனத்துக்குரியது: டிராகன்களை உடைய அரசி டெனேரிஸை அவள் காதலன் ஜான் கொல்கிறான், டிராகன் அரியணையை உருக்கிவிடுகிறது, பிரான் அரசனாகிறான், வடநாடு சான்சாவுக்குக் கிட்டுகிறது, ஆர்யா மேற்கே கடலேறுகிறாள். கணக்குகள் பெரும்பாலும் தீர்க்கப்பட்டும் சினம் எழுந்ததற்குக் காரணம் வழியில்தான் இருக்கிறது. முதல் ஆறு பருவங்களும் பருவத்துக்குப் பத்து அத்தியாயங்களாக அமைய, ஏழாவது ஏழாகவும் எட்டாவது ஆறாகவும் சுருங்கின, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாம் நாவல் 2011இல் வெளிவந்த பின் அடுத்தது வராததால், பிற்பகுதிக்கு மூலநூலின் துணையும் இல்லாமற்போனது. முன்பு பல அத்தியாயங்களை விழுங்கிய நெடும்பயணங்கள் இரண்டு காட்சிகளுக்கு இடையே முடிந்தன.

சரணடைவதற்கான மணி ஒலித்த பின்னரும் டெனேரிஸ் தலைநகரத்தை எரிப்பது இந்தக் குறையின் உச்சம். அடிமை எசமானர்களைச் சிலுவையில் அறைந்ததும், பணிய மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் எரித்ததும் அவளுள் அந்த விதை முன்பே இருந்ததைக் காட்டுகின்றன. ஆனால் விதைக்கும் விளைவுக்கும் இடையே நிகழ வேண்டிய வளர்ச்சிக்குச் சில காட்சிகளே ஒதுக்கப்பட்டன. மீண்டும் எடுக்கக் கோரியது முறையற்ற கோரிக்கை, ஏனெனில் கலைப்படைப்பு வாடிக்கையாளர் திருப்பித் தரும் சரக்கு ஆகாது. எனினும் கோரியவர்கள் நோயைச் சரியாகவே இனங்கண்டிருந்தார்கள். டிராகனின் சிறகுகள் டெனேரிஸின் முதுகிலிருந்தே விரிவது போல் தோன்றும் அந்த ஒரு சட்டகத்தின் மாட்சியைக் கண்ட எவருக்கும், அவகாசம் இருந்திருந்தால் இக்கலைஞர்களால் என்ன இயன்றிருக்கும் என்ற வருத்தமே மிஞ்சும்.

விருதுகளாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. 2007இல் ஒன்றும் 2019இல் மற்றொன்றும் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றன. பிரித்தறிவது மறுமுறை பார்த்தல்தான். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று முடக்கத்தின்போது ‘தி சொப்ரானோஸ்’ புதியதொரு தலைமுறையைச் சென்றடைந்தது. இறுதிக் கறுப்பைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த அவர்களுள் பலர், அதை நோக்கியே முதல் அத்தியாயத்திலிருந்து வந்தனர். படகுப் பேச்சு, மணியோசை, கதவு என ஒவ்வொன்றும் அவர்களுக்கு இருட்டின் பகுதியாயிற்று. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் இது எதிர்மாறாக நிகழ்கிறது: தொடக்கப் பருவங்களின் நிதானத்தை எவ்வளவு கூர்ந்து பார்க்கிறோமோ அவ்வளவு இறுதியின் அவசரம் பெரிதாகிறது.

இந்த அலசலில் நடிகரின் பங்கு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. டோனியாக நடித்த ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி 2013 ஜூன் 19 அன்று ரோம் நகரில் 51ஆம் வயதில் மறைந்துவிட்டதால், அந்த மேசையில் அவர் செய்ததே டோனியின் கடைசி அசைவாக நிலைத்துவிட்டது. மனைவி வரும்போது அவர் முகம் சற்றே இளகுகிறது, அயலார் வரும்போது கண்கள் ஒரு கணம் எடைபோட்டுவிட்டுத் தாழ்கின்றன. நிமிர்வதும் அடையாளங்காண்பதும் அவரிடம் எப்போதும் தனித்தனியாகவே நிகழ்கின்றன, முன்னதற்கும் பின்னதற்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. கடைசி மணிக்கு அவர் நிமிர்கிறார். வருபவர் யாரென்று அந்த முகம் அறிந்துகொள்வதற்கு முன்பே சட்டகம் அறுந்துவிடுகிறது.