எந்தக் கடைக்குப் போகலாம்?

ஜாபர் பனாஹியின் ‘ஆஃப்சைடு’ (2006) படத்தில், தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் ஈரானும் பஹ்ரைனும் மோதும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் நடக்கிறது. ஆண் வேடத்தில் நுழையப் பார்த்த பெண்கள் பிடிபட்டு, தடுப்புக்குள் நிறுத்தப்படுகிறார்கள். ஆரவாரம் கேட்கிறது, ஆட்டம் தெரியவில்லை. காவல் நிற்கும் சிப்பாய் எட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவர்களுக்கு ஆட்டம்.

ஸ்ரீவைகுண்டத்தில் அப்படியொரு தடை கிடையாது. 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினா–பிரான்ஸ் இறுதியாட்டம் நமக்கு இரவு 8.30க்குத் தொடங்கி, பெனால்டி வரை போய், பதினொரு மணி தாண்டித்தான் முடிந்தது. அந்த இரவில் டிவி இருக்கிற டீக்கடையா, புரோட்டாக் கடையா, டாஸ்மாக் பாரா என்று தேர்ந்தெடுக்கும் கேள்வியே ஆண்களுடையது. பெண்ணின் கேள்விகள் வேறு: யார் கூட வருவார்கள், எப்படித் திரும்புவது, தெரு என்ன பேசும்? பிறகு, வீடு தூங்கியதும் செல்போனில் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதுதான் மிச்சம்.

படத்தில் கூர்மையானது கழிப்பறைக் காட்சி. அரங்கில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. ஆட்டக்காரர் படத்தால் ஒரு பெண்ணின் முகத்தை மூடி, ஆண்கள் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிறான் சிப்பாய். பெண் வரமாட்டாள் என்று தீர்மானித்தே கட்டிய கட்டடம் அது. நம் டீக்கடை பெஞ்சும் அதே தீர்மானத்தில் போடப்பட்டதுதான்.

படத்தின் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. வெற்றிக் கொண்டாட்டத்தில் பெண்கள் கலந்துவிட, அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை என்பது மறந்துபோகிறது.

அரங்கில் நுழைய முயன்றதற்காக வழக்கைச் சந்தித்த சஹர் கோதாயாரி 2019 செப்டம்பரில் தீக்குளித்து இறந்தார். அடுத்த மாதம் ஆசாதியின் கதவு பெண்களுக்குக் கொஞ்சம் திறந்தது. அங்கே தட்டுவதற்கு ஒரு கதவாவது இருந்தது. இங்கே தடுப்பவர் என்று யாரும் இல்லை. அதனால் கேட்பதற்கும் ஆளில்லை. நாலு பெண்கள் சேர்ந்து போய், டீ சொல்லிவிட்டு, ஆட்டம் முடியும்வரை அந்த பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.