பதினாறில் நான்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு, மின்னணுச் சாதனங்களின் ரேடியோ அலைத் தாங்குதிறனைச் சோதிக்கும் சேம்பருக்குள் செல்லாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 61000-4-3 தரம் அங்கே 16 பருக்கைகளை நசுக்கிப் பார்க்கச் சொல்கிறது. அதில் 4 வேகாவிட்டாலும் பானையை இறக்கலாம் என்றும் அதே தரமே சொல்கிறது. இந்தச் சலுகை சரியா?

தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் கொண்ட செங்குத்துத் தளம் ஒன்றைக் கற்பனையாக நிறுத்துகிறார்கள். அரை மீட்டர் இடைவெளியில் 16 இடங்களில் புரோபை வைத்து மின்புலத்தை அளக்கிறார்கள். 80 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு விழுக்காடு படியாக ஏறினால் ஏறத்தாழ 250 அலைவெண்கள். அன்டெனாவைக் கிடையாகவும் நிமிர்த்தியும் அளந்தால் 8,000 அளவீடுகள். மலேசியத் தர நிர்ணயத் துறையின் ‘சாம்’ ஆய்வக அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனையைச் சேர்க்க விரும்பும் சோதனைக்கூடம், ஷா ஆலமில் இருந்தாலும் கிள்ளானில் இருந்தாலும், இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. ஒவ்வோர் அலைவெண்ணிலும் குறைந்தது 12 இடங்களில் புலம் கேட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, 6 டெசிபெலுக்கு மேல் ஏறவும் கூடாது. விதியின் சாரம் இதுதான்.

இதன் பெரிய பலம், பிழையை ஒரே பக்கம் சாய்த்திருப்பது. ஏற்றமும் இறக்கமும் 3 டெசிபெல் என்று வகுத்திருந்தால், தேர்ச்சி பெற்ற சாதனம் குறைவான புலத்தைத்தான் சந்தித்ததோ என்ற ஐயம் எல்லா இடத்திலும் நிற்கும். இங்கே அந்த 12 இடங்களைப் பற்றி அந்த ஐயம் இல்லை. அதற்கான விலையைத் தருபவர் உற்பத்தியாளர். 6 டெசிபெல் என்றால் இருமடங்கு. மீட்டருக்கு 10 வோல்ட் என்று எழுதிய சோதனையில் அவருடைய சர்க்யூட் போர்டு 20 வோல்ட்டை வாங்கியிருக்கலாம். ஒரு கூடத்தில் தேறிய சாதனம் இன்னொன்றில் விழும்போது, இரண்டு கூடங்களுமே விதிப்படி நடந்திருக்க முடியும்.

காலி அறையில் அளந்துவிட்டுப் பிறகு சாதனத்தை வைப்பதைச் சிலர் குறை சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. உலோகப் பெட்டி உள்ளே வந்ததும் புலம் சிதறும் என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டே புலத்தைச் சரிசெய்யப் போனால், புரோப் நின்ற இடம்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

உண்மையான ஓட்டை அந்த விடுபட்ட 4 இடங்கள். அங்கே புலம் எவ்வளவு இறங்கலாம் என்பதற்குக் கீழ்வரம்பே இல்லை. எந்த 4 என்பதும் அலைவெண்ணுக்கு அலைவெண் மாறும். தரை எதிரொளிப்பை முழுதாக அடக்குவது கடினம் என்பதால் இந்தத் தளர்வு தேவைப்பட்டது, அதில் தவறில்லை. சாதனத்தை நான்கு பக்கமும் திருப்பிச் சோதிப்பதால் இழப்பு ஓரளவு ஈடாகிறது: இடப்பக்கப் பள்ளத்தில் இருந்த பாகம் அடுத்த திருப்பத்தில் வேறெங்கோ போகும். ஆனால் மேசையில் எப்படித் திருப்பினாலும் பாகத்தின் உயரம் மாறாது. கீழ்வரிசை பலவீனமானால், கீழே பொருத்திய சென்சார் நான்கு முறையும் அங்கேயேதான் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸின் கேஎல் சென்ட்ரல் நெரிசலில் மருத்துவச் சாதனத்தோடு ஒட்டி நிற்கும் கைப்பேசியின் புலம் இந்தச் சீர்மைக்கு எதிரிடையானது. ஒரே மூலையை மட்டும் தாக்கும். ஐஇசி 60601-1-2 தரத்தின் 2014 பதிப்பு இதற்காகவே சில அலைவெண்களில் மீட்டருக்கு 28 வோல்ட் வரை கேட்கிறது. மிக அருகிலிருந்து வரும் புலத்துக்கென்றே 61000-4-39 தரம் 2017-இல் வந்தது. ஆக, சீரான புலத்தை வெளியுலகுக்கு மாற்றாகக் கருத வேண்டாம்; கூடத்துக்குக் கூடம் ஒப்பிடத்தான் அது.

எண்ணிக்கையை 16-க்கு 16 ஆக்கச் சொல்ல மாட்டேன். பல சேம்பர்களை மூட வேண்டியிருக்கும். விடுபட்ட இடங்களின் வரைபடம் சோதனை அறிக்கையோடு வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கூடத்தின் கணினியில் அந்த 8,000 எண்களும் ஏற்கெனவே கிடக்கின்றன. எந்த அலைவெண்ணில் எந்தப் புள்ளி சரிந்தது என்று தெரிந்தால், பொறியாளர் சாதனத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தி, அந்த அலைவெண்களை மட்டும் மறுபடி ஓட்டச் சொல்லலாம்.