பியூஸ் சொல்லும் வாட்ஸ்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கார் ஆம்பிளிஃபயர் பெட்டிகள் மீது ‘2000 வாட்ஸ்’, ‘4000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எனக்குப் பிடித்தது பெட்டியல்ல, ஆம்பின் ஓரத்தில் செருகியிருக்கும் சின்ன பியூஸ். பொய் சொல்லக் கூச்சப்படும் பொருள் அது. 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றுதானா? ஓடும் காரில் சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 420 வாட்ஸ். கிளாஸ் டி ஆம்ப் அதில் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தந்தாலே பெரிது. 330-ஐ ஒட்டி வரும். மிச்சமெல்லாம் சூடு. அப்படியானால் 2000 எங்கிருந்து வந்தது? அச்சகத்திலிருந்து.

அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். சாதாரண 12 அங்குல சப்வூஃபர் ஒன்றுக்கு, நிஜமாகத் தொடர்ந்து கிடைக்கும் 300 வாட்ஸ் (பெட்டியில் ‘ஆர்எம்எஸ்’ என்பது) தாராளம். விலை குறைந்த மோனோபிளாக்கே, அதாவது ஒற்றைச் சேனல் ஆம்பே, அதைக் கொடுத்துவிடும். ஓம் கணக்கு மட்டும் பிசகக் கூடாது. சப்வூஃபரின் இரட்டை 4 ஓம் காயிலைப் பேரலலாகக் கோத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் பாடகர் டிக்கிக்குள் உட்கார்ந்து பாடமாட்டார்.

மிச்சம் பிடித்த காசை நல்ல செம்பு வயரில் போடலாம். செம்பு பூசிய அலுமினிய வயரும் அதே நிறத்தில்தான் விற்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெளுப்பு தெரிந்துவிடும்.