சாதி மனநோயா?

'சாதி ஒரு மனநோய்' என்று எழுதுவது நம்ம பத்திரிகைகளில் வழக்கமாகிப் போச்சு. மேடையில் சொன்னால் கைத்தட்டலும் விழுது. இந்த வாக்கியத்தை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

தீட்டுப் பார்க்கிறவனையும், ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் கிடந்து அல்லாடுகிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒண்ணுபோலத்தான் தெரியும். ரெண்டு பேருமே கழுவுகிறார்கள். பிராய்டுகூட 1907-இல் எழுதிய ஒரு கட்டுரையில் நோயாளியின் கட்டாயச் செயல்களை மதச் சடங்குகளோடு ஒப்பிட்டார். ஒப்பிடுவது வேற, ரெண்டும் ஒண்ணேதான் என்பது வேற.

கை சுத்தமாகத்தான் இருக்கு என்று பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியும். தெரிந்தும் பதற்றம் விடாது. கழுவினால் சித்த நேரம் அடங்கும். அடங்கின அந்த ஆறுதலே அடுத்த கழுவலுக்கு இழுத்துக்கிட்டுப் போகும். தோல் வெடித்து ரத்தம் கசியும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைத்து வைப்பார்கள். தீட்டுப் பார்க்கிறவனுக்கு என்ன வெட்கம்? 'எங்க வீட்ல மடி ஆசாரம் ஜாஸ்தி' என்று பெருமையாக அல்லவா சொல்லிக்கொள்கிறான்! நோயாளி தன் எண்ணத்தோடு சண்டை போடுகிறார். இவன் தன் எண்ணத்துக்காக நம்மோடு சண்டைக்கு வருகிறான்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, ஓ.சி.டி.யைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயத்தில் வைத்தது. அதன்படி, நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போகணும்; அல்லது அது ஆளைத் துன்புறுத்தணும், பிழைப்பைக் கெடுக்கணும். அப்போதுதான் நோய். சாதி பார்க்கிறவனுக்குப் பிழைப்பு கெடுதா? பிழைப்பே அதில்தானே ஓடுது.

சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சொன்னார். இதை எடுத்துப் போடுகிறவர்கள் அதோடு சேர்த்து அவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். புத்தி பிசகியதால் இந்துக்கள் சாதி பார்க்கவில்லை, மதப்பற்றால் பார்க்கிறார்கள், குற்றம் சாத்திரத்தில் என்றார் அவர். மனநிலையை மனநோயாக்கியது நாம். நோயாளிக்கு எதுக்கய்யா வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மாத்திரை கொடுத்தால் போதாதா என்று நாளைக்கு ஒருத்தன் கேட்டால் என்ன பதில் வச்சிருக்கோம்?

மனநோய் வசைச்சொல்லாகிவிட்டால் நம்ம தெருவில் நிஜமாகவே நோயில் கிடக்கிறவர் வாய் திறப்பாரா? வாரக்கணக்கில் சோறு இறங்காமல், விடியுமுன்னே முழிப்புத் தட்டி, நடவுக்குப் போக உடம்பு எழும்பாத பொம்பளையைத் 'திமிரு' என்கிறோம். இல்லாட்டி 'பேய் புடிச்சிருக்கு' என்கிறோம். அப்படிக் கொண்டுபோய் விட்டு, சங்கிலியில் கட்டப்பட்டவர்கள்தான் 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடி காப்பகத் தீயில் ஓட முடியாமல் செத்தார்கள். மொத்தம் 28 உயிர்.

அதுக்காக நம்ம பயத்தையெல்லாம் பதற்ற நோய் என்று டாக்டர் சீட்டில் எழுதிவிடவும் கூடாது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கிட்டுப் போகிற பெரியவருக்கு என்ன நோய்? ஒண்ணுமில்லை. பட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தால்தான் நோய் என்று கையேடே சொல்லுது. ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கப் பயப்படுகிறவனின் பயத்தை, அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த டாக்டர் எந்த அளவுகோலால் அளப்பார்?

பயப்படக் காரணம் இருக்கிறவனுக்கும் நோய் வரும். ரெண்டையும் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேணும். மாத்திரை கேட்கச் சில வாரம் ஆகும், ஓ.சி.டி.க்கு இன்னும் கூட ஆகும். நாலாம் நாளே 'ஒண்ணும் கேக்கல' என்று கூலிவேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மறுபடி வந்து வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகும் என்பது அந்தச் சீட்டில் எங்கேயும் எழுதப்படுவதில்லை.