சிம்ப்யூட்டர் என்னும் நல்ல யோசனை

பெங்களூரில் பிறந்த கருவிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி. 2001இல் முன்மாதிரி வெளிவந்தது. உள்ளே ஓடியது லினக்ஸ். எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்தும் காட்டும். வன்பொருள் வடிவமைப்பைக்கூடப் பூட்டி வைக்காமல் பொது உரிமத்தில் திறந்துவிட்டார்கள்.

நான் வியந்து நிற்பது அதில் ஸ்மார்ட் கார்டு செருகும் இடத்தைப் பார்த்துத்தான். ஆளுக்கொரு கணினி வாங்க வசதியில்லாத ஊரில் கருவி பொது, கார்டு மட்டும் அவரவருடையது. செருகினால் உங்கள் விவரங்கள் வரும். உருவினால் உங்களோடு போய்விடும். நம் கடிதங்களும் படங்களும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கிடக்கும் இன்று, அந்த ஏற்பாட்டின் கண்ணியம் இன்னும் நன்றாகப் புரிகிறது. இணையச் சேவை செய்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய வடிவமைப்பு இது.

விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதனால் இதைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2004இல் வந்த அமிடா சிம்ப்யூட்டர், கையின் அசைவை உணர்ந்து இயங்கியது. ஐபோன் வர அப்போது இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன.